தொட்டிக்குள் ஒரு கொப்புளம்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் தூத்துக்குடியில் ஒரு நூல் ஆலைக்கு ரப்பர் ஒட்டப் போயிருந்தோம். நூலை வெளுக்கும் ஆசிட் இரும்புத் தொட்டியை அரித்துத் தின்றுவிடும். அதைத் தடுக்க, தொட்டியின் உட்புறம் முழுக்க ரப்பர் விரிப்பை ஒட்டி, ஆவி விட்டு வேகவைப்போம். என்னோடு தொட்டிக்குள் இறங்குகிறவர் என் தாய்மாமா. அவர் மகளைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தது. விடிந்தால் ஆத்தூரில் கல்யாணம். மத்தியானமே கிளம்பிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றோம்.

மதராஸிலிருந்து வந்த சூப்பர்வைசர், நாங்கள் ஒட்டி முடித்த தொட்டிச் சுவரை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று கேட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம்! ரப்பர் அங்கே இரும்பைப் பிடிக்கவில்லை.

"இதைச் சரி பண்ணாம ஆவி விட முடியாது. ரெண்டு பேரும் முடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கத்தியால் கீறி ரப்பரை உரித்தேன். உள்ளே, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. நல்லெண்ணெயில் குழைத்து வைத்தது. கைவியர்வைகூடப் படக் கூடாது என்று துணி சுற்றிக்கொண்டு வேலை செய்கிற இடம் அது. நான் திரும்பிப் பார்த்தேன். மாமா அண்ணாந்து தொட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காரியத்துக்குப் பொட்டு வைக்காம எப்படி மாப்ள தொடங்க? அதுவும் நம்ம வீட்டுக் கல்யாணம் வருதுல்லா!"

கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வைத்த பொட்டு, அந்தக் கல்யாணத்துக்கே உலை வைத்துவிட்டது.

எண்ணெயைத் துடைத்து, பசைபோல ஒட்டும் ரப்பர் கரைசல் பூசினோம். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. நம் அவசரம் அதற்குத் தெரியுமா? மாமா அதன் முன்னால் உட்கார்ந்து, பந்திக்கு வந்த சம்பந்திக்கு விசிறுவது போல ஓலை விசிறியால் விசிறினார். புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இன்னும் காயலை மாப்ள" என்று உதட்டைப் பிதுக்குவார். துண்டு ரப்பரை வைத்து உருளையால் அழுத்தி முடித்தபோது ஆத்தூருக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஆவி விடுவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். விடிகாலையில், வெற்றிலைக்கட்டு இறக்கிவிட்டு ஆத்தூருக்குத் திரும்பிய லாரியில் நாங்கள் தொற்றிக்கொண்டோம்.

முகூர்த்தம் நெருங்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணைப் பெத்தவரையும் காணோம், கட்டப்போறவனையும் காணோம்னா, இங்கன நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

அவசரமாக ஆளுக்கு ரெண்டு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம். தண்ணீருக்கெல்லாம் அந்தக் கரைசல் அசையுமா? பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தபோதும் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

மேளம் கொட்ட, தாலியில் முதல் முடிச்சைப் போட்டேன். மஞ்சள் கயிறு விரல்களில் ஒட்டிக்கொண்டது. அடுத்த முடிச்சுப் போட நின்ற என் அக்கா கயிற்றை இழுக்கிறாள், அது வருவேனா என்கிறது. அபசகுனம் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால்?

தலை நிமிராமல் இருக்க வேண்டிய மணப்பெண், அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தாள். சபையே சேர்ந்து சிரித்தது. எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகு அந்தக் கயிற்றிலிருந்து விரலை எடுக்க எனக்கு அவசரமே இல்லை.