அருவா எதுவும் எடுத்து வரவில்லை

நியூசிலாந்துக்கு அம்மாவையும் அப்பாவையும் வரவழைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒரு தேசியப் பூங்காவுக்கு மலையேறக் கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னதும் மாமா சிரித்தார்.

"ஏம்மா, செஞ்சிப் பக்கம் இல்லாத காடா? அதுக்கு ஏரோப்ளேன்ல இட்டுக்கினு போணுமா? நல்லதா நாலு கட்டடத்தக் காட்டு."

இங்கே என்னோடு வேலை செய்யும் தமிழர்களும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்கள். வயதானவர்களுக்குக் கடைத்தெரு போதும், மலையெல்லாம் சரிவராது என்றார்கள். அப்படிச் சொன்ன யாரும் தலையில் விறகுக் கட்டோடு பாறைச் சரிவில் இறங்கியவர்கள் இல்லை. என் அம்மா இறங்கியிருக்கிறாள், இருபது வருடம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். காட்டுக்கு ஒரு வேலையும் இல்லாமல், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு என்பது திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சும்மா ஒரு நாளாவது என் அம்மாவுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஊர் திரும்ப விமானம். இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

நான்கு மணி நேரம் கார். கடைசி ஒரு மணி நேரம் ஜல்லிச் சாலை. போனில் சிக்னல் போய்விட்டது. மலை மேலே இருக்கும் ஏரிக்கு இரண்டரை மணி நேர நடை என்று பலகை சொன்னது. அம்மா புடவைக்கு மேல் நான் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டையும், அதற்கு மேல் ஒரு துண்டையும் போட்டிருந்தாள். அப்பாவின் முதுகுப் பையில் புளிச்சோறும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் இருந்தன.

பெரிய பெரிய மரங்கள். அடி முதல் நுனி வரை பாசி. இந்த நாட்டுக் காட்டில் பாம்பே கிடையாது என்று சொன்னேன்.

"பாம்பு இல்லாத காடும் ஒரு காடா?" என்றார் அப்பா, ஏமாந்துபோனவர் மாதிரி.

முன்னால் போன அம்மா அடிக்கடி குனிந்து நிமிர்ந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் துண்டு நிறையச் சுள்ளி.

"ஏம்மா பொறுக்கிக்கினு வர? நம்மகிட்ட அடுப்பே இல்லியே."

"காஞ்சி கெடக்குதுடி. பாத்துக்கினு சும்மா எப்டிப் போறது?"

ஒரு திருப்பத்தில் பூங்காக் காவலர் எதிரே வந்தார். பச்சைச் சீருடை, தோளில் சின்னம், இளம் வயது. வணக்கம் சொன்னார், எந்த ஊர் என்று கேட்டார். பிறகு சுள்ளியைக் காட்டி, அதைக் கிடந்த இடத்திலேயே போட்டுவிட முடியுமா என்று தன்மையாகக் கேட்டார். கீழே விழுந்த கட்டையில்தான் பூச்சிகள் வாழ்கின்றன, பூச்சியை நம்பிப் பறவைகள் இருக்கின்றன, இந்த ஃபாரஸ்ட் அப்படித்தான் பிழைக்கிறது என்றார்.

அவர் சொன்னதில் அம்மாவுக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான்.

எங்கள் ஊரில் ஃபாரஸ்ட்டு என்றால் காடு இல்லை. காக்கி போட்ட ஆள். 'ஃபாரஸ்ட்டு வந்துட்டான்' என்றால் ஓடு என்று பொருள். நான் ஏழாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை அம்மாவோடு விறகுக்குப் போயிருந்தேன். ஓட முடியாமல் ஐந்து பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். அருவாளைப் பிடுங்கிக்கொண்டு, தலையில் கட்டோடு உச்சி வெயில் வரை நிற்க வைத்தார்கள். 'இனிமே வரமாட்டேன் சார்' என்று ஒவ்வொருத்தியும் மூன்று தடவை சொல்ல வேண்டும். அம்மாவும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அதைப் பற்றி நாங்கள் அதன்பிறகு பேசியதே இல்லை.

இப்போது அம்மா துண்டை அப்படியே நழுவவிட்டு இரண்டு கைகளையும் கூப்பிவிட்டாள்.

"அவருகிட்ட சொல்லு பாப்பா. அருவா எதுவும் எடுத்தாரல. கீழ உழுந்ததுதான்னு சொல்லு."

வங்கியில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில் அம்மா சொன்ன எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். இதை மொழிபெயர்க்கவில்லை. அம்மா என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார்.

"ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்."

"நாற்பது நிமிடம். மெதுவாகப் போங்கள்" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

"போதும், காருக்குப் போலாம்" என்றாள் அம்மா.

"இன்னும் நாப்பது நிமிசம்தாம்மா."

"நீ போய் பாத்துட்டு வா. நானும் அப்பாவும் கார்ல குந்திக்கிறோம்."

"நாலு மணி நேரம் குந்திக்கினுதான வந்தேன்? மறுபடியும் குந்தச் சொல்றியே" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "அவரு ஆளக் கூட்டியாரப் போயிருக்காரு. பேரு எழுதிக்கலியா?"

"இல்லம்மா."

"பைனு போடலியா?"

"இல்ல."

"பின்ன இன்னாதான் சொன்னாரு?"

"கட்டைல பூச்சி குடியிருக்குதாம். அதத் தின்ன குருவி வருமாம். அதனால எடுக்க வேணாம்னு கேட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மா கீழே கிடந்த சுள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் சிவந்தது.

"இப்டி வாயால சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டமா? பூச்சி இருக்குது, குருவி இருக்குதுன்னா எங்களுக்குப் புரியாதா? வெயில்ல நிக்க வெச்சாதான் புரியுமா?"

அப்பா கையிலிருந்த மல்லாட்டையைத் தின்னாமல் நின்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் வேறு எங்கோ ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பான்.

அம்மா சுள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதையோரம் பாசியின் மேல் வைத்தாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மேலே நடந்தாள்.

ஏரிக்கு முப்பது நிமிடம்தான் ஆனது. சுற்றிலும் மொட்டைப் பாறை, நடுவில் கண்ணாடி போலத் தண்ணீர். அப்பா கரையில் சப்பணமிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அம்மா முகம் கழுவினாள், சாப்பிட்டாள், எழுந்துபோய் அங்கிருந்த இன்னொரு பலகையின் முன்னால் நின்றாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குது?"

"மேல மல முகட்டுக்குப் போற வழிம்மா. இன்னும் ஒரு மணி நேரம். பழக்கம் இருக்கறவங்க மட்டும் போலாம்னு போட்டிருக்குது."

"எனக்குப் பழக்கம் இல்லன்னு எவன் சொன்னான்?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறையில் கால் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பழக்கம் இல்லை. மூச்சு வாங்க, பத்தடி பின்னால் ஏறினேன்.