ஊசி வலிக்காது

வெள்ளவத்தையில் ரயில் ஏறியதிலிருந்தே என் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை கம்பனிக் கூட்டத்தில் நான் சிங்களத்தில் பேச வேண்டும். ஒழுங்காகப் பேசினால் மேனேஜர் பதவி எனக்கு, தடுமாறினால் வேறொருவருக்கு. மரக்கறிக் கடையில் பேரம் பேசுமளவுக்குச் சிங்களம் எனக்குச் சரளம்தான். ஆனால் கூட்டத்தில் யாரும் கத்தரிக்காய் விற்கப்போவதில்லையே.

எதிரே வெள்ளைச் சீருடையில், நரைத்த கொண்டையோடு ஒரு சிங்களத் தாதி உட்கார்ந்திருந்தார். திடீரென்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "ஊசி வலிக்காது. பயப்பட வேணாம்!"

நான் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"மல்லி, நான் சொன்னது சரியா?" 'தம்பி' என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லிக் கேட்டார்.

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் வரும் கொட்டாஞ்சேனை கிளினிக்கில் அவருக்கு அன்றுதான் முதல் நாளாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதையே உரக்கச் சொன்னார். சிலர் சிரித்தார்கள்; அவரும் சேர்ந்து சிரித்தார்.

"பயமா இல்லையா அக்கா?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். சிங்கள எழுத்தில் அதே தமிழ் வரி பக்கம் முழுக்க இருந்தது. "பயம் நிறைய இருக்கு மல்லி. இங்க பிழை சொன்னா சிரிப்பாங்க. அங்க சொன்னா புள்ள அழும்."

கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது என் பேச்சின் முதல் வரியை அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. ஒரு பிழையைத் திருத்திவிட்டுச் சனத்துக்குள் மறைந்தார்.

கூட்டத்தில் எழுந்து வாயைத் திறந்தேன். திருத்திய வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் வந்தன.

இப்போது நான் மேனேஜர். கூட்டமென்றால் இன்னும் முதல் வரியை ரயிலில் சொல்லிப் பார்க்கத்தான் செய்கிறேன். அப்போதெல்லாம் ஒன்றை மட்டும் அறிய ஆசைப்படுவேன்: அன்று அவர் ஊசி போட்ட முதல் பிள்ளை அழுததா?