கடைசி ஆளுக்கும் பின்னால்

கொடியைப் பிடுங்குவதற்கு முன் எவாரிஸ்தோ மூன்று தடவை கூப்பிடுகிறார். "யாராச்சும் இருக்கீங்களா? ஏய், யாராச்சும் இருக்கீங்களா? கொடியை எடுக்கப்போறேன்!" ஆளை மறைக்கிற அளவுக்கு ஒரு பாறை இருந்தால் போதும், பாதையை விட்டு இறங்கி, அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். அங்கே கிடப்பது பெரும்பாலும் ஆட்டுப் புழுக்கை. அதையும் ஒரு முறை முறைத்துவிட்டு மேலே ஏறி வந்து, கொடியைக் கம்பியோடு உருவி முதுகுப் பையில் செருகிக்கொள்வார்.

ஆர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று மலையோட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு கணவாய். முதலில் வருகிறவனுக்கு ஊரே திரண்டு மாட்டுமணி குலுக்கும். கடைசியில் வருகிறவருக்கும் பின்னால் ஒருவர் நடக்க வேண்டுமே, அவருக்கு எங்கள் பக்கத்தில் 'துடைப்பம்' என்று பெயர். பல வருஷமாக அது எவாரிஸ்தோதான். பையில் நிஜமாகவே ஒரு குட்டித் துடைப்பத்தைக் கட்டிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. வழி காட்ட நட்ட கொடிகளை அன்றைக்கே எடுக்காவிட்டால் மாடுகள் தின்றுவிடும், மேய்ச்சல்காரர்கள் அடுத்த வருஷம் வழிவிட மாட்டார்கள். நேரம் தவறியவர்களின் நெஞ்சிலிருக்கும் எண் அட்டையை மூலையில் கத்தரித்து ஓட்டத்திலிருந்து நீக்குவதும் துடைப்பத்தின் வேலைதான். பெரிய பெரிய ஆட்கள் அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுவார்கள். சிலர் அவர் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள். "திட்டு, திட்டு. திட்டுனா மூச்சு வரும். மூச்சு வந்தா கீழ இறங்கிடலாம்" என்பார் எவாரிஸ்தோ.

வயது அறுபத்தொன்று. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றும் கம்பிவண்டிக்கு எண்ணெய் போடுகிற வேலை. வாழ்நாளில் ஒரு நாளும் ஓடியதில்லை. காய்ந்த பாலாடைக்கட்டியின் தோலைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் பேச மாட்டார். வயர்லெஸ்ஸில் மேலேயிருந்து என்ன சொன்னாலும் ஒரு தடவைக்கு நம்புவதில்லை. "இன்னொரு தடவ சொல்லு. மெதுவா சொல்லு" என்று கேட்டு, எண்ணைப் பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொள்வார். மதுக்கடையில் வாலிபப் பையன்கள் விடுவார்களா? "என்ன எவாரிஸ்தோ, இந்த வருஷம் கல்லு ஏதாச்சும் பதில் சொல்லுச்சா?" அவர் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவருக்கு ஜென்மப் பகை என்று ஒருவன் உண்டு. ஃபெர்மோ. வேறு யாருமில்லை, மனைவி நீவெஸின் கூடப்பிறந்த அண்ணன். ஓட்டக் குழுவின் தலைவன், நாற்பது படுக்கை ஓட்டலுக்கு முதலாளி. கிறிஸ்துமஸ் விருந்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட நீவெஸ் வழியாகத்தான் கேட்பார்கள்.

கதை ஊருக்கே தெரியும், அதாவது பாதிக் கதை. ஆறு வருஷத்துக்கு முன் மோர்தா கணவாய்க்குக் கீழே பனிமூட்டம். மாந்தோவா பக்கத்துச் சமவெளியிலிருந்து வந்த ஓர்னெல்லா என்ற டீச்சர், வயிறு கலக்கி, பாதையை விட்டு ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாள். துடைப்பம் அவளைத் தாண்டிப் போய்விட்டது, கொடிகளையும் பிடுங்கிக்கொண்டு. திரும்பி வந்தவளுக்குப் பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. தப்பான சரிவில் இறங்கி ஓடைக்குள் விழுந்து, கணுக்கால் நொறுங்கி, ராத்திரி முழுக்க மழையில் கிடந்தாள். மறுநாள் பத்து மணிக்குத்தான் கண்டெடுத்தார்கள்.

கணவாயில் நின்று ஆட்களை எண்ணியவன் ஃபெர்மோ. "எல்லாரும் ஏறியாச்சு மாப்ள. உனக்கு முன்னாடி யாருமில்ல. பிடுங்கிட்டு வா, சூப்பு ஆறுது" என்று வயர்லெஸ்ஸில் சொன்னவனும் அவனே. விசாரணையில் அப்படிச் சொல்லவேயில்லை என்று சாதித்துவிட்டான். நீவெஸ் அழுதாள், அண்ணன் ஓட்டல் போய்விடும் என்றாள். எவாரிஸ்தோ வாயைத் திறக்கவில்லை. ஊரில் பழியை மொத்தமாக அவர் தலையில் கட்டினார்கள். அதனால்தான் அவருக்கு அந்த ஆத்திரம் என்று நீவெஸ்கூட நினைக்கிறாள்.

மீதிப் பாதி அவருக்கு மட்டும் தெரியும். பாதையோரம் ஒரு ஊன்றுகோல் நட்டு வைத்திருந்தது. மலையோட்டக்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் ஒதுங்கியிருக்கிறது, காத்திரு. பதினான்கு வருஷம் துடைப்பமாக நடந்தவருக்கு அது தெரியாதா? ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். குளிர் எலும்பைக் கடித்தது. காதில் ஃபெர்மோவின் குரல். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோலைப் பிடுங்கிப் பையில் செருகினார். அது போதாதென்று, அன்று சாயங்காலம் ஓர்னெல்லா வந்து சேரவில்லை என்று தெரிந்து, தேடுகிறவர்களைக் கீழ்க்காட்டுக்கு அனுப்பியபோதும் பக்கத்தில் நின்றார். "மேல தேடுங்க, அங்கதான் கோலை எடுத்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் தூக்கி வந்திருப்பார்கள். சொல்லவில்லை. பயம். ஃபெர்மோவைத் திட்டித் திட்டித்தான் அதை உள்ளே அமுக்கி வைத்திருக்கிறார். திட்டுவது சுலபமாயிற்றே.

இந்த வருஷம் பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்றே ஃபெர்மோ எவாரிஸ்தோவின் பட்டறைக்கு வந்து நின்றான். நேருக்கு நேர் பேச்சு, பல வருஷத்துக்குப் பிறகு.

"மாப்ள, அந்த டீச்சரம்மா வருதாம். பத்திரிகைக்காரனும் வர்றான். நீ இந்தத் தடவ சூப்பு ஊத்துற இடத்துல நின்னுக்கோ."

"நீ எங்க நிப்ப, மச்சான்?"

"நான் தலைவன்யா. மேடையில நிக்காம?"

"அப்ப நான் துடைப்பம். பின்னாலதான் நிப்பேன்."

அவர் மனசிலிருந்த ஆசை ஒன்றுதான். அந்த அம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னபிறகு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். 'பரவாயில்லை' என்றுகூட வேண்டாம், 'சரி' என்றால் போதும். ஆறு வருஷமாக வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தார். அதில் ஃபெர்மோ பெயர் இரண்டு தடவை வரும்.

ஓட்டத்தன்று முதல் கணவாயிலேயே ஓர்னெல்லா கடைசி ஆளாகிவிட்டாள். வலது கால் வளைந்து வளைந்து விழுந்தது. எவாரிஸ்தோ ஐம்பது தப்படி விட்டு நடந்தார். ஒரு கொடி, ஒரு கூவல், ஒரு பாறை. நாலு மணி நேரம் அவள் திரும்பியே பார்க்கவில்லை. மோர்தாவுக்குக் கீழே, அந்தப் பாறைக் குவியலுக்கு வந்ததும் நின்றாள். வெயில் பளீரென்று அடித்தது. ஆர்னா கீழே சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இங்க கோலை நட்டுட்டுத்தான் போனேன்" என்றாள். "நட்டேனா இல்லையா?"

செதுக்கி வைத்த வாக்கியம் எங்கே போயிற்றோ. "நட்டீங்கம்மா" என்றார்.

"நீங்க பாத்தீங்க."

"பாத்தேன். நான்தான் எடுத்தேன்."

அவள் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "அடையாளம் வைக்காம ஒதுங்குனது என் தப்புன்னு இன்சூரன்ஸ்காரன் எழுதிட்டான். என் புருஷன் அதைப் படிச்சுட்டு, 'நட்டியான்னு நல்லா யோசிச்சுப் பாரு'ன்னான். எனக்கே சந்தேகம் வந்துடுச்சுய்யா. ஆறு வருஷம். பைத்தியமாட்டம் யோசிச்சேன். இதைக் கேக்கத்தான் இந்தக் காலை இழுத்துக்கிட்டு வந்தேன்."

"மேலேருந்து ஃபெர்மோதான், எல்லாரும் ஏறியாச்சுன்னு..."

"வேணாம்." கையை உயர்த்தித் தடுத்தாள். "அதைக் கீழ மேடைக்கு வந்து, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. கோலையும் சேத்துச் சொல்லுங்க."

 எவாரிஸ்தோ தலையை ஆட்டினார். இந்த ஒரு தடவையாவது அவளை நல்லபடியாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று, மணியைப் பார்த்து, "இருபது நிமிஷம் இருக்கும்மா, நேரத்துக்குள்ள ஏறிடலாம். நடங்க, நான் பின்னால வர்றேன்" என்றார்.

ஓர்னெல்லா எழுந்தாள். நடக்கவில்லை.

"நீங்க முன்னால போங்க."

"நான் துடைப்பம்மா. கடைசியாத்தான் வரணும்."

"என் முதுகுக்குப் பின்னால நீங்க வேணாம்."

சொல்லிவிட்டு, அறுவையில் ஆணி வைத்த அந்தக் காலோடு பாதையிலிருந்து கீழே, வழுக்கும் கற்களுக்குள் இறங்கி அவருக்கு வழிவிட்டு நின்றாள். எவாரிஸ்தோ கடந்து பத்தடி முன்னால் போகும்வரை அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.