ஒற்றைத் தட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள். எனக்குச் சாதகமாக அவள் ஒரு நாளும் பேசியதில்லை. அவளே ஆமாம் என்றுதான் சொல்வாள்.

பிழைக்க வந்த நாட்டில் எனக்குக் கட்டடச் சாரத்தில் வேலை. மேலே ஒருவன், கீழே ஒருவன், ஜோடி ஜோடியாகத்தான் நிற்போம். என் ஜோடி நல்ல உயரம், வெறும் எலும்பும் தோலும். ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இயந்திர இரைச்சலில் கத்தினால் எதுவும் கேட்காது. அதனால் சாமான் இறக்கும் முன் மேலிருந்து சாரக் குழாயில் இரண்டு தட்டு தட்டுவான். கீழே ஆள் இருக்கா என்று அர்த்தம். நான் சுற்றிப் பார்த்து, நிற்பவர்களை விலக்கிவிட்டு, ஒரே ஒரு தட்டு தட்டுவேன். அது கேட்காமல் கயிற்றை அவன் ஒரு விரற்கடைகூட விடமாட்டான். கை அறுந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

மனைவியும் மகளும் என்னிடம் வந்து சேர்ந்த பிறகு வந்த முதல் விடுமுறை அது. அரண்மனைத் தோட்டத்துக்குப் போனோம். ஒட்டடைக்குச்சியும் வருவதாக இருந்தது. என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றவேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தன் மகளை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் அவனை ஓவர்டைம் என்று வேறு இடத்துக்கு அழைத்துப் போனார். எந்த இடம் என்று சொல்லவில்லை. காலையில் அவன் அறையில் இல்லை. போனும் எடுக்கவில்லை.

"அண்ணனுக்குத் தனியா சோறு கட்டி வச்சிருக்கேன். வந்துடுவார்ல?" என்றாள் மனைவி.

"எங்கயாவது தூங்கிக்கிட்டிருப்பான்."

புல்தரையில் விரிப்பைப் போட்டோம். மனைவி அரண்மனையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய வீட்டை யாருங்க கூட்டிப் பெருக்குவா?"

"நீ இல்ல. அதுவரைக்கும் சந்தோஷப்படு."

அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அரண்மனையின் ஒரு பக்கம் மட்டும் சாரம் கட்டி, பச்சை வலையால் மூடியிருந்தது. என் கண் அங்கேயே போனது.

"லீவு நாள்லயும் கம்பியையே பாக்காதீங்க. பொண்டாட்டியையும் கொஞ்சம் பாருங்க."

அப்போதுதான் கேட்டது.

டங்... டங்.

மேலே வேலை நடக்கிறதா? ஆள் சத்தம் இல்லை. வலை அசையவில்லை. மகளைக் காணோம்.

தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சாரத்தின் காலடியில் உட்கார்ந்து, உதிர்ந்த பூவைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

டங்... டங்.

அதே இடைவெளி. அதே கை. சோறு போட எடுத்த கரண்டியோடு ஓடினேன். அவளை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

"ஒட்டட மாமா தட்டுறாருப்பா," என்றாள் அவள். எங்கள் கதவையும் அவன் அப்படித்தான் தட்டுவான்.

டங்... டங்.

நான் யோசிக்கவில்லை. பழகிய கை... தானாகவே போனது. கரண்டியால் குழாயில் ஒரே ஒரு தட்டு.

டங்.

கப்பி முனகியது.

கிர்ர்... கிர்ர்...

வலைக்குள்ளிருந்து ஒரு கல் இறங்கியது. மாடத்திலிருந்து கழற்றிய பழைய கல். ஆட்டுக்கடா அளவு இருக்கும். நிதானமாக... கைமாற்றிக் கைமாற்றி... தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுபோல வந்து உட்கார்ந்தது.

பூக்குவியலின் மேல்.

"டேய்! மேல யாருடா?"



கயிறு முழுவதும் சரசரவென்று கீழே விழுந்தது.

அவ்வளவுதான்.

காவலாளியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். இன்று யாருக்கும் இங்கே வேலை கிடையாது என்று கையை விரித்தார். நான் விடவில்லை. முனகிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். வரும்போது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் எங்கள் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த அரண்மனையிலதான் ஒட்டடைக்குச்சிக்கு ஓவர்டைம். கீழ நின்ன புதுப் பையன், கல்லு இறங்குறதுக்குள்ள வேன் வந்துடுச்சுன்னு பாதியில ஓடிட்டான்யா. இவன் வேற வண்டியில வந்துருப்பான்னு நெனச்சோம். சாரத்து மேல் பலகையில, தூண்ல சாய்ஞ்சு உக்காந்திருந்தான். நெஞ்சு நின்னுபோச்சாம். முந்தாநாள் இருட்டுறதுக்குள்ளயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார்."

அவனுக்குக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை என் மனைவி கையில் எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கல்லு ரெண்டு ஆள் புடிக்கிற கல்லுய்யா," என்றார் சூப்பர்வைசர். "ராத்திரி பூரா அதை யாரு புடிச்சிருந்தது?"

நான் அந்தத் தட்டைத் தட்டியபோது அவன் செத்து ஓர் இரவும் அரைப் பகலும் ஆகியிருந்தது.

பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பும் முன் என்னை ஒரு தடவை பார்க்கவிட்டார்கள். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த பள்ளம், எலும்புவரை. உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. விரல்கள் மட்டும் விறைக்கவில்லை. தளர்ந்து விரிந்திருந்தன... இப்போதுதான் எதையோ விட்ட கைபோல.