கழுத்து நீளமான சாம்பியன்கள்

அழகமுத்துவின் இடக்கைச் சுட்டுவிரல் ஐயாவின் வாய்க்குள் இருக்கிறது. வாதத்தில் விழுந்த வலக்கன்னம் தானாக உப்பாது; உள்ளேயிருந்து விரலால் தள்ளிப் பிடித்தால்தான் சவரக்கத்தி ஓடும். வலக்கை கத்தியை இழுக்கிறது. இரண்டு கைகளையும்விடக் கூடுதலாக உழைப்பது அவருடைய வாய்.

"நேத்தும் பாத்தேனுங்க ஐயா, அந்த மர்சூக் பயல. பந்து அடிக்கிறானா, வெறகு பொளக்கிறானான்னே தெரியல. நீங்க அடிச்சதுதாங்க அடி. பந்து விழுந்த எடத்துல புல்லு மொளைக்காது."

வாய்க்குள் விரலோடு ஒரு மனிதர் சிரிப்பது பார்க்க நல்ல காட்சியல்ல. எச்சில் வடியும். நான் துடைத்துவிடுவேன்.

ஐயா என்பவர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து நில அளவையாளராக மாத்தளைக்கு வந்து, அலுவிகாரையில் தங்கிவிட்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மாவட்ட டென்னிஸ் சாம்பியன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவரைக் கழுவுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் ஊட்டுவதும் தாதியான என் வேலை. வென்ற கோப்பைகளும் படங்களும் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் பழைய வீட்டோடு எரிந்துபோயின. அதற்குப் பிறகு அவர் சாம்பியனாக இருந்த ஒரே இடம் அழகமுத்துவின் வாய்தான். அந்த வாய் வரும் திங்களிலும் வியாழனிலும் காலைச் சாப்பாடு மிச்சமில்லாமல் முடியும். மற்ற நாட்களில் பாதி காகத்துக்கு. ஆகவே அது சொல்வதெல்லாம் உண்மையா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

அழகமுத்துவுக்கு அறுபது இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் இந்துத் தலைகளைத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்கள் அவருடைய கடையில் நெரிசலில்லாமல் முடி வெட்டிக்கொள்வார்கள். எங்கே போனாலும் கத்திப் பெட்டியோடு போவார். கக்கூசுக்குப் போகும்போது மட்டும் அதை வெளியே வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி உட்காருவார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அவருடைய அப்பா தோட்டத்துரைமாருக்கு கிளப்பின் பின்பக்க வராந்தாவில் முடி வெட்டியவர். இவர் அப்போது தண்ணீர்க் கிண்ணம் பிடித்தார். ஆட்டம் நடந்தது முன்பக்கத்தில். ஒரு ஆட்டத்தையாவது இவர் முழுதாகப் பார்த்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. டென்னிஸ் எண்ணிக்கையில் பதினைந்து, முப்பதுக்குப் பிறகு நாற்பது வருவதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"நாப்பத்தஞ்சுல்ல வரணும்? அந்த அஞ்ச யாரு எடுத்துக்கிட்டா? எல்லாம் களவுங்க மிஸ்ஸி."

ஆட்டத்தைப் பார்க்காதவர் ஆட்டக்காரர்களை எடைபோட்டது பிடரியை வைத்து. பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது அதுதான்.

"கோர்டன் துரை கழுத்து கொக்குக் கழுத்துங்க, எட்டிப் பாத்து அடிப்பாரு. சில்வா டாக்டருக்கு அப்புடியே தலகாணி, ரெண்டே வருசத்துல முடிஞ்சிபோச்சு. நம்ம ஐயாவப் பாருங்க, இப்பவும் கத்தி வைக்க எம்புட்டு எடமிருக்கு! அந்த மர்சூக்குக்குக் கழுத்தே கெடையாது. தலைய வாங்கிட்டு வந்து தோள்ல வச்ச மாதிரி. முடி வெட்டுறப்ப எங்க நிப்பாட்டுறதுன்னு எனக்கே தெரியலீங்க."

மர்சூக், மாத்தளையில் ஏலமும் கிராம்பும் வாங்கி விற்கும் யாகூபின் மகன். பதினேழு வயது. எண்பத்தெட்டில் ஊர் முழுக்க அவன் பேச்சுத்தான். வெளியே அவன் எல்லா ஆட்டத்திலும் வென்றுகொண்டிருந்தான். எங்கள் வீட்டில் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தான். நாவுலயிலிருந்து வந்த பையனை ஒரு கேம்கூடக் கொடுக்காமல் அடித்து அனுப்பிய செய்தி, "எப்புடியோ தப்பிச்சுக்கிட்டான்" என்று எங்களிடம் வந்து சேர்ந்தது.

பிறகு கிளப்பிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம், ஐயாதான் கோப்பை கொடுக்க வேண்டும். ஐயா வெள்ளைக் காற்சட்டையைத் தேடி எடுக்கச் சொன்னார். அழகமுத்து என் பின்னாலேயே குசினி அடுப்படிவரை வந்தார்.

"மிஸ்ஸி, ஞாயித்துக்கெழமைக்கு ஐயாவுக்கு லேசா வயித்தால போற மாதிரி ஏதாச்சும் மருந்து…"

"உங்களுக்கு வேணும்னா தாறேன்."

"வெளையாடாதீங்க. அவன் ஆடுறதப் பாத்துட்டாருன்னா நான் இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிருமே. அப்பறம் என்னைய இந்த வாசப்படி ஏற விடுவாரா? கடையில நான் வாயத் தொறந்தாலே பேப்பர விரிச்சு மூஞ்ச மறைச்சுக்கிறாங்க. கேக்குறதுக்கு இவரு ஒருத்தருதாங்க இருக்காரு."

ஞாயிறன்று கிளப்புக்குப் போகும் வழியில், எங்களை ஏற்றிப்போன வானை இராணுவம் நிறுத்தியது. பெட்டியைத் திறந்த சிப்பாய் வரிசையாக ஏழு கத்திகளைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். அழகமுத்து அவனுடைய தாடையைப் பார்த்து, சரியாக வழிக்கவில்லை என்று சிங்களத்தில் குறை சொன்னார். நான் அவருடைய காலை மிதித்தேன். சிப்பாய் சிரித்ததால் தப்பினோம்.

அன்றுதான் அழகமுத்து கிளப்பின் முன்பக்கத்துக்கு வந்தார். சக்கர நாற்காலிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு, ஐயாவின் காதில் பேச ஆரம்பித்தார். மர்சூக் அடித்த முதல் பந்தை எதிராளி தொடவேயில்லை.

"காத்து தள்ளிவிடுதுங்க ஐயா."

மரத்தில் ஒரு இலையும் அசையவில்லை. இரண்டாவது பந்தும் அப்படியே போனது.

"எதிர்ல நிக்கிற பயலுக்கு நேத்து வயித்துவலியாம், அதான் எடுக்க மாட்டேங்கிறான்."

மூன்றாவதுக்கு அவர் வாயைத் திறக்கும்முன் ஐயா சொன்னார்: "வாயைப் பொத்தும். என்னைப் பாக்க விடும்."

அழகமுத்து பொத்தினார். மர்சூக் ஒரு செட்டும் விடாமல் வென்றான். ஐயா இடக்கையால் கோப்பையைக் கொடுத்தார். பிறகு பையனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல. இரவுக் கஞ்சியை ஐயா தொடவில்லை.

மறுநாள் திங்கள். அழகமுத்து வந்தார், ஆனால் உள்ளே வராமல் வாசல் கேற்றடியில் மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றார். ஐயா கையைக் காட்டினார், நான் கூப்பிட்டேன். வந்தவர் பேசாமல் சோப்புப் போட்டார், பேசாமல் ஒரு பக்கத்தை வழித்தார். இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அழகமுத்து," என்றார் ஐயா. "நான் நல்லா இருந்த காலத்தில இந்தப் பெடியனோட விளையாடியிருந்தா?"

அழகமுத்து கத்தியைத் துணியில் துடைத்தார். மடக்கினார். பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியைக் கொண்டுபோய் வாசலோரம் வைத்தார். திரும்பி வந்து, ஐயாவின் இடக்கை எட்டாத தூரத்தில் நின்றார்.

"ஆறுக்கு ஒண்ணுங்க ஐயா."

"ஆருக்கு ஆறு?"

"பயலுக்குங்க."

ஐயாவின் முகத்தில் வேலை செய்யும் பாதி சிவந்தது. நான் பிசைவதை நிறுத்தினேன்.

"ரெண்டு," என்றார் ஐயா.

"ஒண்ணுதாங்க. அதுவும் அவன் கண்ணுல வெயிலு பட்டாத்தான்."

"ரெண்டு எண்டுறன். என்ர சேர்விஸ் உமக்குத் தெரியாது. நீர் பின்பக்கத்தில நிண்டனீர்."

அழகமுத்து தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். நான் கூரை முகட்டைப் பார்த்தேன்.

"சரிங்க, ரெண்டு," என்றார் கடைசியில். "ஆனா மூணுன்னு கேட்டீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். பிறகு வாசலோரம் வைத்த பெட்டியைத் தூக்கி வந்து, காய்ந்துபோயிருந்த சோப்பின்மேல் தண்ணீரைத் தொட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.