லெம்பி அடித்து வைத்த ஆணி

ஆர்விட் காங்காஸ் சுட்டால் குறி தப்பாது. அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் பிரச்சினை. அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடிக் காடுகளில் நவம்பர் பிறந்துவிட்டால் மான் வேட்டையைத் தவிர யாரும் வேறு பேச்சுப் பேசுவதில்லை. அதிலும் ஆர்விட் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரின் காபி ஆறிப்போகும்.

சதுப்பு ஓரத்தில் அவரும் கூட்டாளி வில்ஹோவும் கட்டிய மரக் குடிசைதான் அவர்களுடைய வேட்டை முகாம். மானைச் சுட்டுக் குறி தவறியவரின் சட்டையின் பின்பக்கத்தில் ஒரு துண்டு கத்தரித்து, பெயர் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அழுதாலும் விடமாட்டார்கள். வில்ஹோவின் துண்டுகளை மட்டும் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை தேறும். ஆர்விட்டின் சட்டையிலிருந்து ஒரு நூல்கூட அந்தச் சுவரில் இல்லை.

அவருடைய முதல் துப்பாக்கி அப்பாவுடையது. குட்டைக் குழல், அப்பா ஓடையில் வழுக்கி விழுந்தபோது பட்ட கீறல் தோளில் பதிக்கும் மரக்கட்டையில் அப்படியே இருந்தது. விசைக்கு அடியில் உள்ள வளையத்தை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா ஏறும். அந்தச் சத்தம் கேட்டாலே அவருக்கு வயிறு நிறைந்துவிடும். காகித ஆலையில் வேலை நிரந்தரமானதும் தொலைநோக்கி வைத்த கனத்த துப்பாக்கி ஒன்றை வாங்கினார். பிள்ளையின் மூக்கைத் துடைக்காதவர் அதை மட்டும் தினமும் துடைத்தார் என்பது அவருடைய மனைவி லெம்பியின் நிரந்தரப் புகார்.

மூன்றாவது, லெம்பியுடையது. நீங்கள் இரண்டு பேரும் காட்டுக்குப் போவீர்களாம், நான் வீட்டில் ரொட்டி சுடுவேனாம் என்று அவள் ஒரு வருடம் பிடித்த சண்டைக்குப் பிறகு வாங்கியது. எடை குறைவு. கன்னத்தில் குளிர் ஏறாமலிருக்கக் கட்டையில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டாள். அதை வைத்து அவள் ஒரு மானைக்கூட வீழ்த்தியதில்லை. சுட்டுவிட்டு, மான் ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். சுவரில் அவளுடைய பூப்போட்ட நீலத் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒருநாள் அவற்றின் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்றை அடித்தாள்.

"இது உனக்கு, கிழவா. எத்தனை வருஷமானாலும் காத்துக்கிட்டு இருக்கும்."

போன வசந்தத்தில் லெம்பி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆணி காலியாகவே இருந்தது.

இந்த நவம்பரில் ஆர்விட் அவளுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். தோள் வலி, கனத்தது ஆகாது என்று வில்ஹோவிடம் சொன்னார். அது பாதிப் பொய். அவள் பேரில் ஒரு மான் விழ வேண்டும், அந்தத் துப்பாக்கி வெறுங்கையோடு ஓய்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. அவள் தைத்துக் கொடுத்த சிவப்புக் கட்டம் போட்ட சட்டையையும் அதற்காகவே போட்டிருந்தார்.

விடிந்து பனி வெளுத்த நேரம், மரங்களுக்கு நடுவிலிருந்து கொம்பு மான் ஒன்று நிதானமாக வெளியே வந்தது. குழந்தைகூடச் சுட்டுவிடும் தூரம். ஆர்விட் துப்பாக்கியை ஏந்திக் கம்பளியில் கன்னத்தைப் பதித்தார். ஏலக்காய் வாசம் வந்தது. வேட்டைக்கு வரும்போதெல்லாம் லெம்பி ஏலக்காய் ரொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, அந்தக் கையோடுதான் துப்பாக்கியைப் பிடிப்பாள். கண் நிறைந்துவிட்டது. விசையை அழுத்தியபோது மான் இருந்த இடத்தில் அவருக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஆர்விட் தடத்தோடு வெகுதூரம் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை. காயம் படவில்லையே என்று மனம் ஆறியது. பிறகுதான் வெட்கம் வந்தது. ஓநாயைக் கண்டு சுட்டேன் என்று சொல்லிவிடலாமா? யார் பார்த்தார்கள்?

குடிசையில் வில்ஹோ அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். வெடி கேட்டதே, மானை இழுத்து வர ஆள் வேண்டுமா என்று கேட்டான்.

"தப்பிடுச்சுடா," என்றார் ஆர்விட்.

இந்த ஒரு வார்த்தைக்காக வில்ஹோ ஆயுசு முழுக்கக் காத்திருந்தவன். கத்தரியை எடுத்துக்கொண்டு துள்ளித்தான் வந்தான். சட்டையைப் பிடித்ததும் தையலைப் பார்த்துவிட்டான். கை நின்றுவிட்டது.

"வேணாம்டா. இது லெம்பி தச்சது. உள்ள போட்டிருக்கிற பனியனைக் கழட்டிக் குடு, அதுல வெட்டிக்கிறேன்."

"பனியனை அவளாடா தச்சா? இதையே வெட்டு."

வில்ஹோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெட்டினான். பெயர் எழுதும்போது எழுத்து கோணியது. ஆர்விட் துண்டை வாங்கிக்கொண்டு சுவரருகே போய், நீலத் துணிக்குப் பக்கத்தில் துருவேறி நின்ற அந்த ஆணியில் மாட்டினார். இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"கொஞ்சம் தள்ளிக்கோ, லெம்பி," என்றார்.