சர்க்கரை போடாத காப்பி

"அங்க எதுவும் சாப்பிடாதீங்க, குடிக்காதீங்க. கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லாதீங்க. உக்காருங்க. எழுந்து வந்துடுங்க. அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே சரசு மாடிப்படி ஏறினாள். பின்னால் வந்த தலியா படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மாடியில் இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நான்கு வருஷமாகத் தலியா, இஸ்ரேல்காரி. மற்றதில் ஐந்து மாதமாக நபீல். காஸாவில் பிறந்து, புனேயில் படித்து, இந்தியாவிலேயே தங்கிவிட்டவன். அறையிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அன்று காலை போனில் செய்தி வந்தது. அவன் அம்மா இறந்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டியவள். போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரி குண்டு விழுந்து மூடிக் கிடந்தது.

அவனால் ஊருக்குப் போக முடியாது. பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தான்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க பாஷை கேக்குது. கேட்டுட்டே அழ முடியல, அக்கா. நாளைக்கு வீட்ட விட்டுப் போறேன்" என்றான் சரசுவிடம், அரைகுறைத் தமிழில்.

சரசு தடுக்கவில்லை. போவதும் இருப்பதும் அவன் இஷ்டம். ஆனால் அம்மா செத்த அன்று ஒரு ஆள்கூட வந்து உட்காராமல், இந்த வீட்டிலிருந்தும் விரட்டப்பட்டவன்போல அவன் போய்விடக் கூடாது என்று இருந்தது அவளுக்கு.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வாக்கப்பட்டு வந்தவள் சரசு. பதினெட்டு வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளில் சமைத்தாள். அந்தச் சம்பளத்தில் எழும்பியது மாடி. இங்கிலீஷும் அந்தச் சமையலறைகளில் கற்றதுதான். இறந்தகாலம் கிடையாது அதில்.

நபீல் வீடு பார்க்க வந்தபோது அவள் மறைக்கவில்லை. "பக்கத்துல இஸ்ரேல் அம்மா இருக்காங்க. முடியும்னா இருங்க." தலியாவிடமும் அப்படியே கேட்டாள். இருவரும் முடியும் என்றார்கள். மொட்டைமாடி காலையில் தலியாவுக்கு, சாயங்காலம் நபீலுக்கு. கொடிக்கயிறு தனித்தனி. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரசு சொல்லமாட்டாள், நல்ல வார்த்தையாக இருந்தாலும். "நல்லத மட்டும் சொல்றேன்னு ஆரம்பிச்சா, நான் சும்மா இருக்கற அன்னிக்கு கெட்டதுன்னு தெரிஞ்சிடும்ல?" என்பாள். ஐந்து மாதம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டையும் இல்லை.

கணவனின் அண்ணன் ராஜமாணிக்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. செய்தி கேட்டு அன்று காலையும் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு நாட்டு சண்டைய மாடியில குடி வெச்சிருக்கற. ஒருத்தர காலி பண்ணச் சொல்லும்மா."

"யாரங்க மாமா?"

"புதுசா வந்தவனத்தான். அந்தம்மா முன்னாடியே வந்துட்டாங்கல்ல."

"முன்னாடி வந்தவங்களுக்குத்தான் வீடுன்னா, உங்க தம்பிக்கு முன்னாடி இந்த மனையில கள்ளிச்செடிதாங்க இருந்துச்சு."

"உன் வாய்க்கு யார் பதில் சொல்றது" என்று அவர் சிரித்துவிட்டார்.

வரப்புத் தகராறில் பல வருஷம் அவர் இவர்களோடு பேசாமல் இருந்தவர். ஆனாலும் சரசுவின் அப்பா இறந்தபோது வந்தார். சாவு வீட்டில் வாங்க என்று யாரும் கூப்பிடுவதில்லை. போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பேச்சில்லாதவரும் வரலாம். அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் பேச்சில்லை. ஆனால் வந்தார். சரசு அதை மறக்கவில்லை.

மத்தியானம் தலியா கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"நான் வரலாமான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்க மாட்டேன். சாவு வீட்டுக்கு யாரும் கேட்டுக்கினு போறதில்ல."

"என் அக்கா பையனப் பத்தி அவருக்குத் தெரியாது. சொல்லட்டுமா?"

அக்டோபர் ஏழாம் தேதி, காஸாவிலிருந்து வந்த ஆயுதக்காரர்கள் இசைவிழாவில் கொன்றவர்களில் ஒருவன் அந்தப் பையன். செய்தி வந்த அன்று தலியாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தது சரசு மட்டும்தான்.

"இன்னிக்கு வேணாம் தலியாம்மா. சொன்னா சாவுக்குச் சாவு பதில் சொல்ற மாதிரி ஆயிடும். உங்க சாவுக்கு நான் வந்தேன். இன்னிக்கு அவர் வீட்டுச் சாவு."

மாடியேறி இருவரும் உள்ளே போனபோது நபீல் திரும்பிப் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்பு மேடைக்குப் போனான். ஏலக்காய் வாசனை வந்தது. சின்னக் கோப்பைகளில் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவன் ஊரில் அதைத்தான் கொடுப்பார்கள். சரசுவின் முன்னால் ஒன்று வைத்தான். தலியாவின் முன்னால் ஒன்று.

தலியா தொடவில்லை. சரசுவும்.

நபீல் கோப்பையைப் பார்த்தான். பிறகு தலியாவை, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக.

"என் அம்மாவுக்காக வெச்சது. உங்களுக்கு இதுவும் முடியாதா?"

வாயைத் திறந்தால் அக்கா பையன் வெளியே வந்துவிடுவான் என்பதுபோல தலியா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஒருவர் விஷயத்தை மற்றவரிடம் சொல்வதில்லை என்ற தன் ஏற்பாட்டைச் சரசு உடைத்தாள்.

"நான்தான் குடிக்க வேணாம்னு சொன்னேன் தம்பி. எங்க பக்கம் சாவு வீட்டுல கை நனைக்க மாட்டோம். உங்க வழக்கம் என்னன்னு நான் கேட்டுக்கல. தப்பு என்னுது. அவங்க மேல இல்ல."

கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். முகம் கோணியது. "யப்பா, வேப்பிலையே தேவலாம்."

தலியாவும் எடுத்தாள். மெதுவாக, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

நபீல் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். சத்தமாக அழுதான். யாரும் தேற்றவில்லை. அரை மணி கழித்து தலியா எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தலியா மொட்டைமாடியில் துணி காயப்போட்டாள். ராஜமாணிக்கம் வந்து, காலி பண்ணிட்டானா என்று கேட்டுவிட்டுப் போனார். நபீல் பதினோரு மணி வரை தூங்கினான். சரசு சோறும் ரசமும் கொண்டுபோய் வைத்தாள். பெட்டி மூடாமல் அறை நடுவில் கிடந்தது. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அவன் மொட்டைமாடிக்குப் போனான். தலியா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள், அது அவன் நேரம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆறு மணிக்கு சரசு மோட்டார் போட்டாள். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினாள்.